ஜிம்மில் சேராமலே உடற்பயிற்சி வகுப்புக்குப் போகலாமா?

வாசகர் கேள்வி – பதில்

(குழு உடற்பயிற்சி வகுப்புகளைப் பல ஆண்டுகளாக நடத்திவரும் பயிற்சியாளர் பதில் அளிக்கிறார். கடிதம் எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்களை வெளியிடவில்லை.)

எனக்கு 41 வயது. ஷிஃப்ட் மாறி மாறி வரும் வேலை. இரண்டு முறை ஜிம்மில் வருடச் சந்தா கட்டினேன். இரண்டு முறையும் கொஞ்ச நாளிலேயே போவது நின்றுவிட்டது. வீட்டில் வீடியோ பார்த்துச் செய்தால் மனம் ஒட்டவில்லை. யாராவது நேரில் நின்று சொல்லிக்கொடுத்தால் செய்வேன் என்று தோன்றுகிறது. மறுபடியும் சந்தாவில் மாட்டிக்கொள்ள விருப்பமில்லை. வகுப்புக்கு மட்டும் போய்வர வழி உண்டா? எங்கே தேடுவது?

சகோதரி, வழி நிறையவே இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன், உங்கள் கடிதத்தில் வரிக்கு வரி தெரியும் குற்ற உணர்வை முதலில் இறக்கி வையுங்கள். ஸ்டெஃபானோ டெல்லாவிக்னா, உல்ரிகே மல்மெண்டியர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் அமெரிக்காவில் மூன்று உடற்பயிற்சி நிலையங்களின் வருகைப் பதிவேட்டை எடுத்து ஆராய்ந்து, 2006-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மாதச் சந்தா கட்டியவர்கள் சராசரியாக மாதத்துக்கு 4.3 முறைதான் போயிருக்கிறார்கள். அதே இடத்தில் பத்து முறைக்கான சீட்டு வாங்கியிருந்தால் ஆகியிருக்கக்கூடிய செலவைப்போல ஒன்றரை மடங்குக்கும் மேல் ஒவ்வொரு வருகைக்கும் கொடுத்திருக்கிறார்கள். கடைசியாகப் போன நாளுக்கும் சந்தாவை ரத்து செய்த நாளுக்கும் நடுவில் சராசரியாக இரண்டு மாதத்துக்கு மேல் ஓடியிருக்கிறது. அடுத்த மாதம் ஒழுங்காகப் போய்விடுவோம் என்று பலரும் நம்பியிருக்கிறார்கள். நீங்களும் அப்படித்தான் நம்பினீர்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இனி தேடலுக்கு வருவோம். வரைபடத்தில் ‘உடற்பயிற்சி’ என்று போட்டால் ஜிம்கள்தான் வரிசையாக வந்து நிற்கும். சொந்த இடம் இல்லாத பயிற்சியாளர்கள் அதில் வரவே மாட்டார்கள். என்னைப் போன்றவர்கள் ஒரு கூடத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுப்போம். பள்ளிவிட்ட பின் அங்குள்ள உள்ளரங்கம், பகலில் காலியாக இருக்கும் நடனப் பள்ளி, சமூகக் கூடம், குடியிருப்புச் சங்கத்தின் மாடி என்று எங்கே தரை நன்றாக இருக்கிறதோ அங்கே. ஆகவே இடத்தை வைத்துத் தேடுங்கள். உங்கள் வீட்டிலிருந்தோ அலுவலகத்திலிருந்தோ எளிதில் போய்வரக்கூடிய தூரத்தில் உள்ள கூடங்களைக் குறித்துக்கொண்டு, அங்கே சாவி வைத்திருப்பவரிடம் கேளுங்கள்: “சாயங்காலம் இங்கே யார் யார் வகுப்பு எடுக்கிறார்கள்?” நேரம், பயிற்சியாளரின் எண், எத்தனை பேர் வருகிறார்கள், வகுப்பு தவறாமல் நடக்கிறதா என்பதுவரை அவருக்குத் தெரிந்திருக்கும். எந்த விளம்பரத்தையும்விட அவர் வாய்வார்த்தையை நான் நம்புவேன்.

கராத்தே, ஜூடோ, நடனப் பள்ளிகள் குழந்தைகளுக்கு மட்டும்தான் என்று நினைத்துத் தாண்டிப் போய்விடாதீர்கள். பலவற்றில் பெரியவர்களுக்குத் தனி பேட்ச் உண்டு. நீச்சல் குளங்களில் தண்ணீருக்குள் நின்று செய்யும் பயிற்சிகளுக்குத் தனியாகக் கட்டணம் வாங்குவது வழக்கம். யோகா நிலையங்கள் பலவும் ஒரு வகுப்புக்கு மட்டும் பணம் வாங்கிக்கொள்கின்றன. உடற்கல்வித் துறை உள்ள கல்லூரிகள் சில வெளியாட்களுக்கும் கதவைத் திறந்து வைத்திருக்கின்றன. ஜிம்மிலேயே கூட, “மெம்பர்ஷிப் வேண்டாம், இந்த ஒரு வகுப்புக்கு மட்டும் கட்டலாமா?” என்று நேராகக் கேளுங்கள். வரவேற்பில் இருப்பவர் முதலில் வருடத் திட்டத்தைத்தான் எடுத்து நீட்டுவார். அது அவர் வேலை. இன்னொரு முறை கேட்டால் பத்து வகுப்புக்கான கார்டு மேசைக்கடியிலிருந்து வெளியே வரும். பிசியோதெரபிஸ்ட் யாரையாவது தெரியும் என்றால், குணமான நோயாளிகளை எந்த வகுப்புக்கு அனுப்புகிறார் என்று கேளுங்கள். என்னைக் கேட்டால் அதைவிட நல்ல சிபாரிசு கிடையாது.

ஒரே கட்டணத்தில் பல நிலையங்களின் வகுப்புகளுக்குப் போக வழிசெய்யும் செயலிகளும் இருக்கின்றன. பாயல் கடாகியா 2013-இல் தொடங்கிய ‘கிளாஸ்பாஸ்’ இவற்றில் பெயர் பெற்றது. எது உங்களுக்கு ஒத்துவரும் என்று தெரிந்துகொள்ள, சுற்றிப் பார்க்கும் காலத்துக்கு இவை நல்ல துணை. ஆனால் மாதம் பிறந்ததும் தானாகப் பணம் எடுக்கும் ஏற்பாடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அதுவும் சந்தாதான்.

இடம் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இப்போதுதான் முக்கியமான வேலை. வீடியோவில் கிடைக்காத எதற்காக நீங்கள் வீட்டை விட்டுக் கிளம்புகிறீர்கள்? அசைவுகளை வீடியோவிலும் காட்டுகிறார்கள், பாட்டும் போடுகிறார்கள். உங்களைப் பார்க்கும் ஒரு ஜோடிக் கண்தான் அங்கே இல்லை. நேரில் போய்க் கொடுக்கும் பணம் முழுவதும் அந்தக் கண்ணுக்குத்தான். அதனால் கூடம் பளபளப்பாக இருக்கிறதா என்பதைவிட, ஆசிரியர் பார்க்கிறாரா என்று கவனியுங்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது? டிரையல் வகுப்புக்குப் பத்து நிமிடம் முன்னதாகப் போய் நில்லுங்கள். புதிதாக வந்த உங்களிடம் அவர் முட்டி, முதுகு, தோள், ரத்த அழுத்தம், அண்மையில் நடந்த அறுவை சிகிச்சை, கர்ப்பம் என்று ஏதாவது விசாரிக்கிறாரா? ஒன்றுமே கேட்காமல் “வாங்க, நில்லுங்க” என்றால் எனக்கு அது போதும், அடுத்த இடம் பார்க்கலாம். வகுப்பு தொடங்கியதும் கடைசி வரிசையைப் பாருங்கள். ஆசிரியர் முன்னால் நின்று தானே செய்துகொண்டிருக்கிறாரா, நடந்து பின்வரிசைவரை வருகிறாரா? முட்டியை மடக்கி உட்கார்ந்து எழும் ‘ஸ்குவாட்’ பயிற்சியில் உட்காரும்போது யாருக்காவது முட்டி இரண்டும் உள்பக்கம் சரியும். நல்ல ஆசிரியர் அங்கே போய், “பாதத்தின் வெளி ஓரத்தையும் தரையில் அழுத்துங்க, முட்டி கால்விரல் போகிற திசையிலேயே போகட்டும்” என்று தணிந்த குரலில் சொல்வார். முட்டி உடனே நேராகும். கையை வைத்துத் திருத்துவதானால், தொடலாமா என்று கேட்டுவிட்டுத் தொடுவார்.

என் வகுப்பில் ஓர் அம்மா இருக்கிறார். டம்பெல்லைப் பக்கவாட்டில் தோள் உயரத்துக்குத் தூக்கும்போதெல்லாம் முகம் சுளிப்பார். வலி என்று ஒரு நாளும் வாய் திறந்து சொன்னதில்லை. கட்டைவிரல் மேலே பார்க்கும்படி கையைக் கொஞ்சம் திருப்பி, நேர் பக்கவாட்டில் இல்லாமல் உடலுக்குச் சற்று முன்னால் வருகிற மாதிரி தூக்கச் சொன்னேன். எடையையும் பாதியாகக் குறைத்தேன். சுளிப்பு போய்விட்டது. தோள்மூட்டுக்குள் தசைநார் நெருக்குப்படாமல் இருக்க அந்தச் சின்னத் திருப்பம் உதவுகிறது. அவர் முகத்தைப் பார்க்காமல் இதை யாரும் சொல்லியிருக்க முடியாது.

இன்னும் ஒன்று கவனியுங்கள். ஒரே பயிற்சியை எளிதாகவும் கடினமாகவும் செய்து காட்டுகிறாரா? முன்கையும் கால்விரலும் ஊன்றி உடம்பை நேராகப் பிடிக்கும் ‘பிளாங்க்’ பயிற்சியை முட்டி ஊன்றிச் செய்பவருக்கும் மரியாதை கிடைக்கிறதா? வார்ம்-அப்பை இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டுக் குதிக்கச் சொல்கிறாரா? பாட்டுச் சத்தத்தில் அவர் சொல்வது காதில் விழுகிறதா? சான்றிதழ் கேட்கவும் தயங்க வேண்டாம். முதலுதவி, சிபிஆர் (இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்திச் செய்யும் உயிர்காப்பு முறை) பயிற்சி எடுத்திருக்கிறாரா என்று கேளுங்கள். முறையாகப் படித்தவர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

பிடித்திருந்தால் கார்டு வாங்கலாம். ஆனால் எத்தனை நாளுக்குள் முடிக்க வேண்டும் என்பதைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பத்து வகுப்பு, ஒரு மாதக் கெடு என்றால் வாரத்துக்கு இரண்டரை முறை. ஷிஃப்டில் இருக்கும் உங்களால் முடியாது. மூன்று மாதக் கெடு என்றால் முடியும். வர முடியாத வகுப்பை எத்தனை மணி நேரம் முன்னால் ரத்து செய்ய வேண்டும், காய்ச்சல் வந்தால் கெடுவை நீட்டுவார்களா, மிச்சத்தைத் தங்கைக்குக் கொடுக்கலாமா என்பதையெல்லாம் வாய்வார்த்தையாக விடாமல் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஷிஃப்டுக்கு என் யோசனை: காலையில் ஒருவர், மாலையில் ஒருவர் என்று இரண்டு ஆசிரியர்களைப் பிடித்துவையுங்கள். சந்தா இல்லாததால் உங்களுக்குக் கிடைக்கும் பெரிய வசதியே இதுதான். வாரத்துக்கு இரண்டு வகுப்பு, அதில் ஒன்றாவது தசைக்கு வலுவூட்டுவதாக இருக்கட்டும். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பையும், குறைந்தது இரண்டு நாள் தசைப் பயிற்சியையும் சொல்கிறது. நிமிடக் கணக்கை நடந்தே ஓரளவு சேர்த்துவிடலாம். தசைப் பயிற்சிக்குத்தான் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். கையில் உள்ள பணத்தை அங்கே போடுங்கள்.

எனக்கு 24 வயது, எடை கொஞ்சம் அதிகம். எங்கள் தெருவில் வேகமாகச் சைக்கிள் மிதிக்கும் ‘ஸ்பின்’ வகுப்பு ஒன்று தொடங்கியிருக்கிறார்கள். ஒரு வகுப்புக்கு மட்டும் பணம் கட்டினால் போதும். ஆனால் எல்லோரும் என்னைப் பார்ப்பார்களோ என்று கூச்சமாக இருக்கிறது. முதல் நாளே மற்றவர்களுக்கு ஈடாகச் செய்தால் கூச்சம் போய்விடுமா?

தம்பி, உங்கள் கடைசி வரிதான் எனக்குக் கவலை தருகிறது. ஈடுகொடுக்க வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். பழக்கமில்லாத உடம்பு, முதல் நாள், அதிவேகமான வகுப்பு என்று மூன்றும் சேர்ந்தால், அரிதாக என்றாலும், தசை இழைகள் சிதைந்து அவற்றின் புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் நிலை வரலாம். ‘ராப்டோமயோலிசிஸ்’ என்று பெயர். முதல் ஸ்பின் வகுப்புக்குப் போய் இப்படி ஆனவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பலமுறை எழுதியிருக்கிறார்கள். நல்ல உடல்கட்டு உள்ள இளைஞர்களும் அவர்களில் உண்டு. தொடை வீங்கி, தாங்க முடியாத வலியோடு சிறுநீர் கரும்பழுப்பாகப் போனால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பயந்துபோய் இருந்துவிடாதீர்கள். சாதாரணத் தசைவலி வேறு. அது மறுநாள் தொடங்கி, இரண்டு மூன்று நாளுக்குள் உச்சத்துக்குப் போய், தானாக இறங்கிவிடும். நீங்கள் செய்ய வேண்டியது சின்ன விஷயம். வகுப்புக்கு முன் ஆசிரியரிடம் போய், “இது எனக்கு முதல் வகுப்பு, பாதி நேரம்தான் செய்வேன், நடுவில் நிறுத்தினால் தப்பாக நினைக்காதீர்கள்” என்று சொல்லிவிடுங்கள். சைக்கிளின் இறுக்கத்தைக் குறைத்து வைத்து மிதியுங்கள். சீட்டின் உயரத்தை அவரையே சரிபார்க்கச் சொல்லுங்கள். பெடல் அடியில் இருக்கும்போது முட்டி லேசாக மடங்கியிருக்க வேண்டும். “நிறுத்தாதே, நிறுத்தாதே” என்று கத்துவதைத் திறமை என்று நினைக்கும் ஆசிரியராக இருந்தால் அங்கே போகவே வேண்டாம்.

கூச்சத்தைப் பற்றி: உள்ளே இருப்பவர்கள் யாரும் உங்களைப் பார்க்கப் போவதில்லை. மூச்சு வாங்கும் நேரத்தில் அடுத்தவரைப் பார்க்க யாருக்குத் தெம்பு இருக்கிறது? அதோடு சேர்ந்து செய்வதில் ஒரு பலம் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டில் துடுப்பு வலிக்கும் வீரர்கள் 12 பேரை வைத்து ஒரு சிறு ஆய்வு செய்து 2010-இல் வெளியிட்டார்கள். ஒரே பயிற்சியைத் தனியாகச் செய்தபோது இருந்ததைவிடக் குழுவாகச் செய்து முடித்தபோது வலி தாங்கும் திறன் அதிகமாக இருந்தது. அந்தத் தெம்பு கடைசி வரிசையில் நிற்பவருக்கும் கிடைக்கும்.

பணம் கட்டவே வேண்டாம், சும்மா நாலு பேரோடு பழகினால் போதும் என்றால், ‘பார்க்ரன்’ உங்கள் பக்கம் நடக்கிறதா என்று பாருங்கள். 2004-இல் லண்டனின் புஷி பார்க்கில் 13 பேர் ஓடித் தொடங்கியது, இன்று பல நாடுகளில் பரவியிருக்கிறது. வழக்கமாகச் சனிக்கிழமை காலை, 5 கிலோமீட்டர், இலவசம். நடந்தே முடிக்கலாம். எல்லோருக்கும் கடைசியாக வருவதற்கென்றே தொண்டர் ஒருவர் இருப்பார், அதனால் நீங்கள் கடைசி ஆளாக ஆகவே முடியாது!

வயது 67. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறேன். முட்டிவலி உண்டு. மகன் ஜிம்மில் சேர்த்துவிடுகிறேன் என்கிறான். எனக்கு அந்த இரும்புச் சத்தமெல்லாம் ஒத்துவராது. என் வயதுக்குத் தகுந்த வகுப்பு எது?

ஐயா, மகனின் அக்கறை சரிதான், இடத்தைத்தான் மாற்ற வேண்டும். முதலில் உங்கள் மருத்துவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். “நான் குழு வகுப்புக்குப் போகலாமா?” என்பது ஒன்று. “என் மாத்திரை இதயத் துடிப்பை மட்டுப்படுத்தும் வகையா?” என்பது இன்னொன்று. பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை என்றால், கடிகாரத்தில் துடிப்பைப் பார்த்து உழைப்பை அளக்க முடியாது. உழைப்புக்கு ஏற்ற அளவு எண் ஏறாது. அப்போது பேச்சைத்தான் அளவுகோலாக வைத்துக்கொள்ள வேண்டும். பக்கத்தில் இருப்பவரோடு பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் உழைப்பு மிதமாக இருக்கிறது. நாலு வார்த்தைக்கே மூச்சு வாங்கினால் குறைத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு நான் சொல்வது மூன்று வகை. தாய் சி என்ற மெதுவான அசைவுகள் கொண்ட சீனப் பயிற்சி, தண்ணீருக்குள் செய்யும் பயிற்சி, நாற்காலியைப் பிடித்தும் உட்கார்ந்தும் செய்யும் முதியோர் வகுப்பு. முட்டிக்குத் தண்ணீர் மிகவும் இதம், உடம்பின் பாரத்தை அது வாங்கிக்கொள்ளும். ஆனால் நடையில் தள்ளாட்டம் இருந்தால் சமநிலைப் பயிற்சி உள்ள வகுப்பையே முதலில் தேர்ந்தெடுங்கள். முதியோர் கீழே விழுவதைப் பற்றி 108 சோதனைகளைத் தொகுத்து மருத்துவ ஆய்வுகளை அலசும் காக்ரேன் அமைப்பு 2019-இல் ஒரு ஆய்வறிக்கை வெளியிட்டது. உடற்பயிற்சி செய்தவர்களிடம் விழும் வீதம் 23 சதவீதம் குறைந்திருந்தது. ஒரு முறை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் எத்தனை மாதம் படுக்கையில் போகும் என்று உங்களுக்குத் தெரியும். உலக சுகாதார நிறுவனமும் 65 வயதைத் தாண்டியவர்களுக்கு வாரத்துக்கு மூன்று நாளாவது சமநிலையும் வலுவும் சேர்ந்த பயிற்சியைச் சொல்கிறது.

வகுப்பில் மூச்சை அடக்கிக்கொண்டு எதையும் தூக்காதீர்கள், அந்த நொடியில் அழுத்தம் எகிறும். தரையில் படுத்துச் செய்துவிட்டு எழும்போது முதலில் உட்காருங்கள், பிறகு முட்டி ஊன்றுங்கள், பிறகு நில்லுங்கள். அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்குச் சட்டென்று எழுந்தால் தலை சுற்றலாம். நெஞ்சில் இறுக்கமோ, கண் இருட்டிக்கொண்டு வருவதோ தெரிந்தால் உடனே நிறுத்திச் சொல்லிவிட வேண்டும். ஆசிரியரிடம் மாத்திரையின் பெயரை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவையுங்கள். மருத்துவ விவரம் கேட்கும் படிவம் கொடுத்தால் ஒளிக்காமல் நிரப்புங்கள். தாத்தா வயதில் இருப்பவர்கள் “எனக்கு ஒன்றும் இல்லை” என்று எழுதித் தருவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். உண்மையைத் தெரிந்துகொண்டால்தான் எங்களால் உங்களைப் பார்த்துக்கொள்ள முடியும்.

தோழிகள் ஆறு பேர் சேர்ந்து ஒரு பயிற்சியாளரை வரவழைத்துக்கொள்ளலாமா?

தாராளமாக. ஆறு என்பது அருமையான எண்ணிக்கை, ஒவ்வொருவரையும் அவரால் பார்க்க முடியும். முதல் வகுப்புக்கு முன் ஒன்றை மட்டும் தீர்த்துக்கொள்ளுங்கள்: வராதவர் பங்கை யார் கட்டுவது? இந்தப் பேச்சை எடுக்கக் கூச்சப்பட்டுத்தான் பெரும்பாலான குழுக்கள் கலைகின்றன. வந்தாலும் வராவிட்டாலும் பங்கு உண்டு என்று எட்டு வாரத்துக்கு மொத்தமாகப் பேசி முன்பணமாக வாங்கிவிடுவது நல்லது. எட்டு வாரம் முடிந்ததும், தொடர விரும்பாதவர் மனஸ்தாபம் இல்லாமல் விலகிக்கொள்ளலாம்.

வழவழப்பான டைல்ஸ் தரை வேண்டாம். சிமெண்ட் தரையில் குதிக்கும் பயிற்சி வேண்டாம். ஆறு பேருடைய பழைய வலி, அறுவை சிகிச்சை, மாத்திரை விவரங்களையும் ஒரே தாளில் எழுதி, அவர் வரும் முதல் நாளுக்கு முன்பே கையில் சேர்த்துவிடுங்கள்.